கத்தி வருவதற்கு முன்பே பயமுறுத்தியவர்: 'சைக்கோ' டைட்டிலை உருவாக்கிய சால் பாஸ் யார்?

திரையில் பேய் இல்லை. ரத்தம் இல்லை. ஒரு மனித முகம்கூட இல்லை. வெறும் கோடுகள்தான். பக்கவாட்டில் சரசரவென ஓடுகின்றன, நிற்கின்றன, மறுபடி ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே பெயர்கள் உடைந்து, கூடி, மீண்டும் உடைகின்றன. பின்னணியில் வயலின்கள் விடாமல் அறுக்கின்றன. கதை இன்னும் தொடங்கவே இல்லை, ஆனா நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடுகிறது.

1960-ல் வெளியான ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தின் டைட்டில் அது. மொத்தம் 2 நிமிடம்கூட இல்லை. அதைச் செய்தவரின் பெயரும் அதே கோடுகளுக்கு நடுவே வந்து போகும்: சால் பாஸ்.

இன்று எந்த ஹாரர் வெப் சீரிஸை எடுத்தாலும் முதல் ஒரு நிமிடத்தில் எழுத்து நடுங்கும், காகிதம் கிழியும், தண்ணீரில் மை பரவும். யூடியூப் குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர்கூட லேப்டாப்பில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸைத் திறந்து முதலில் இதைத்தான் செய்து பார்க்கிறார். மோஷன் கிராபிக்ஸ் என்று இப்போது சொல்லப்படும் இந்த வேலையைக் கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் ஒரு கலையாக மாற்றியவர்களில் முதன்மையானவர் பாஸ்.

அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு சண்டையும் கூடவே வரும். உலக சினிமாவின் மிகப் பிரபலமான கொலைக் காட்சியை, அதாவது 'சைக்கோ'வின் குளியலறைக் காட்சியை, உண்மையில் உருவாக்கியது யார் என்ற சண்டை. அதில் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் உண்டு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

நியூயார்க் பையன்

சால் பாஸ் 1920 மே 8-ம் தேதி நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பம். அப்பாவுக்கு மென்மயிர்த் தோல் ஆடைகள் தைக்கும் தொழில். பையனுக்கோ எந்நேரமும் வரைவதுதான் வேலை.

பதின்ம வயதிலேயே மன்ஹாட்டனில் உள்ள ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக்கில் சேர்ந்து ஓவியம் கற்றார். பிறகு சினிமா விளம்பரங்களை வடிவமைக்கும் வேலை. அன்றைய ஹாலிவுட் போஸ்டர் எப்படி இருக்கும் தெரியுமா? கதாநாயகன் தலை, கதாநாயகி தலை, ஒரு முத்தம், ஒரு துப்பாக்கி, ஒரு குதிரை, நாலு ஆச்சரியக்குறி. எல்லாம் ஒரே காகிதத்தில். எதைப் பார்ப்பது என்றே தெரியாது. பாஸுக்கு இது பிடிக்கவில்லை. ஆனா சம்பளம் அதில்தான் வந்தது.

திருப்பம் புரூக்ளின் கல்லூரியில் நடந்தது. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர் ஹங்கேரியில் பிறந்த ஓவியர், வடிவமைப்பாளர் ஜியோர்ஜி கெபெஷ். ஜெர்மனியின் பௌஹௌஸ் பள்ளியிலிருந்து கிளம்பிய நவீன வடிவமைப்புச் சிந்தனையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஒரு கோடு, ஒரு வட்டம், ஒரு வெற்றிடம் மட்டுமே பார்ப்பவரின் மனதில் ஓர் உணர்வைக் கிளப்ப முடியும் என்பது அவர் பாடத்தின் அடிப்படை. அந்தப் பாடம் பாஸுக்குள் இறங்கி, சுமார் 15 வருடம் கழித்து 'சைக்கோ'வில் வெளியே வந்தது என்று சொன்னால் மிகையில்லை.

1946-ல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். கொஞ்ச காலத்தில் சொந்தமாக ஸ்டூடியோ தொடங்கினார்.

பாப்கார்ன் நேரத்தைப் பறித்த கை

இயக்குநர் ஓட்டோ ப்ரெமிங்கர் 1954-ல் 'கார்மென் ஜோன்ஸ்' படத்துக்கு ஒரு சின்னம் வரைந்து கேட்டார். பாஸ் வரைந்து கொடுத்தது தீச்சுவாலைக்கு நடுவே ஒரு ரோஜா. சின்னம் போஸ்டரில் நன்றாக வந்திருக்கிறதே, இதையே படத்தின் தொடக்கத்தில் அசைய வைத்தால் என்ன என்று யோசனை வந்தது. கதை அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்த ஆண்டு அதே இயக்குநரின் 'தி மேன் வித் தி கோல்டன் ஆர்ம்'. ஃப்ராங்க் சினாட்ரா நடித்த படம், ஹெராயின் போதைக்கு அடிமையான ஒருவனின் கதை. அன்றைய ஹாலிவுட்டில் பேசவே தயங்கிய விஷயம். பாஸ் என்ன செய்தார்? கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் பட்டை வருகிறது. பிறகு இன்னொன்று. எல்மர் பெர்ன்ஸ்டீனின் ஜாஸ் இசைக்கு அந்தப் பட்டைகள் வந்து வந்து மறைகின்றன. கடைசியில் அவை ஒரு கையாக மாறுகின்றன. கோணலாக முறுக்கிக்கொண்டு கீழே நீளும் கை. ஊசி எங்கேயும் இல்லை. ஆனா ஊசி குத்திய கை அது என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

அந்தக் காலத்து தியேட்டர்களில் ஒரு வழக்கம் உண்டு. டைட்டில் ஓடும்போது திரைக்கு முன்னால் உள்ள துணித் திரை மூடியே இருக்கும். பெயர்ப் பட்டியலை யார் பார்க்கப் போகிறார்கள்? ரசிகர்கள் பாப்கார்ன் வாங்கிக்கொண்டு இடம் தேடி உட்காருவதற்கான நேரம் அது. பெயர்கள் முடியும்போதுதான் துணி விலகும். இந்தப் படத்தின் ரீல் பெட்டிகளோடு ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பும் போனது: டைட்டில் தொடங்கும் முன்பே திரையை விலக்கிவிடுங்கள்.

இப்போது ஓடிடியில் இன்ட்ரோவைத் தாண்டிப் போக ஒரு பட்டன் இருக்கிறது. அன்றைக்குத் துணி, இன்றைக்கு பட்டன். இடையில் சில வருடங்கள் மட்டும் டைட்டிலை மக்கள் உட்கார்ந்து பார்த்தார்கள் என்றால் அதில் பாஸுக்குப் பெரிய பங்கு உண்டு.

கண்ணுக்குள்ளிருந்து வந்த சுழல்

1958-ல் ஹிட்ச்காக் அழைத்தார். படம் 'வெர்டிகோ'. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு முன்னாள் போலீஸ்காரர், ஒரு பெண்ணின் மீது வரும் பித்து. தலைசுற்றலை எப்படி வரைவது?

டைட்டில் ஒரு பெண்ணின் முகத்தில் தொடங்குகிறது. முழு முகமும் இல்லை. முதலில் உதடு, அப்புறம் அங்கும் இங்கும் பார்க்கும் கண்கள், கடைசியில் ஒரே ஒரு கண். திரை சிவப்பாகிறது. அந்தக் கருவிழிக்குள்ளிருந்து படத்தின் பெயர் வெளியே வருகிறது. பின்னாலேயே ஒரு சுழல், அதற்குப் பின் இன்னொரு சுழல். எதற்கும் தொடக்கம் தெரியாது, முடிவும் தெரியாது.

அந்தச் சுழல்கள் கையால் வரைந்தவை அல்ல. 19-ம் நூற்றாண்டு பிரெஞ்சு அறிவியலாளர் லிசாஜூவின் பெயரால் அறியப்படும் வளைவுகள் அவை. இரண்டு திசைகளில் ஒரே நேரத்தில் ஆடும் ஒரு புள்ளி விட்டுச் செல்லும் தடம் என்று எளிமையாகச் சொல்லலாம். அவற்றைப் படத்துக்காக உருவாக்கித் தந்தவர் ஜான் விட்னி. கம்ப்யூட்டர் அனிமேஷனின் முன்னோடியாகப் பின்னாளில் கொண்டாடப்பட்டவர். இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணக்கிட்ட பழைய இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்தினார் என்றும் சொல்லப்படுவதுண்டு. எப்படியானாலும், துல்லியமான கணக்குதான் அந்த மயக்கத்தைத் தந்தது. கையால் வரைந்திருந்தால் கொஞ்சம் நடுங்கியிருக்கும், மனிதர் வரைந்தது என்று தெரிந்துபோயிருக்கும். இது மனிதர் வரையாத கோடு, அதனால்தான் பயமாக இருக்கிறது.

அடுத்த ஆண்டு 'நார்த் பை நார்த்வெஸ்ட்'. பச்சைத் திரையில் கட்டம் கட்டமாகக் கோடுகள் ஓடி, ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் முகப்பாக மாறும். அதே 1959-ல் ப்ரெமிங்கரின் 'அனாட்டமி ஆஃப் எ மர்டர்' படத்துக்கு காகிதத்தில் வெட்டிய ஒரு பிணம். தலை தனி, கை தனி, கால் தனி. சாதாரண கறுப்புக் காகிதத் துண்டுகள்தான். ஆனா போஸ்ட்மார்ட்டம் மேசை கண்ணில் வந்துவிடும்.

'சைக்கோ'வின் கோடுகளை எப்படி ஓட வைத்தார்கள்?

'சைக்கோ' குறைந்த செலவில், கறுப்பு வெள்ளையில், ஹிட்ச்காக்கின் டிவி தொடர் குழுவை வைத்து எடுக்கப்பட்ட படம். டைட்டிலுக்கும் அதற்கேற்ற பட்ஜெட்தான்.

பாஸ் முழு டைட்டிலையும் ஸ்டோரிபோர்டாக வரைந்து கொடுத்தார். அதைப் படமாக்கும் பொறுப்பு ஹாரால்ட் ஆட்லர் என்ற டைட்டில் நிபுணரிடம் போனது. அனிமேஷன் கேமராவில் ஒவ்வொரு பிரேமாக எடுப்பது ஒரு வழி. ஒரு நொடிக்கு 24 பிரேம் என்றால் 2 நிமிடத்துக்கு 2,880 பிரேம். ஆனால் இதில் பல பகுதிகளுக்கு வேறு வழியைப் பிடித்தார்கள். நீளமான அலுமினியப் பட்டைகளுக்குக் கறுப்பு அடித்து, ஒரு பெரிய வெள்ளைப் பலகையில் வைத்து, கேமரா ஓடும்போது கையால் தள்ளினார்கள். பட்டை கோணலாகிவிடக் கூடாது என்பதற்காக வழித்தடம் போல ஊசிகள் குத்தப்பட்டன. ஒவ்வொரு பட்டைக்கும் வெவ்வேறு வேகம். கொஞ்சம் பிசகினாலும் திரும்ப எடுக்க வேண்டும்.

எழுத்துகளுக்கு இன்னொரு தந்திரம். படத்தின் பெயரையும் இயக்குநர் பெயரையும் குறுக்கே மூன்று துண்டாக வெட்டினார்கள். மேல் துண்டு ஒரு பக்கம், நடுத் துண்டு ஒரு பக்கம், கீழ்த் துண்டு ஒரு பக்கம் நகர்ந்து ஒரு கணம் மட்டும் சேரும். படிக்க முடியும். அடுத்த கணம் மறுபடி விலகும். உடைந்த மனம் ஒன்றின் கதையைச் சொல்லப்போகும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து இருக்க முடியாது. டைட்டில் முடியும்போது செங்குத்துக் கோடுகள் கட்டடங்கள் போல நிமிர்ந்து நிற்க, அப்படியே ஃபீனிக்ஸ் நகரத்தின் காட்சி விரிகிறது.

இந்த டைட்டிலைக் காப்பியடித்துப் பழகாத மோஷன் கிராபிக்ஸ் மாணவர் அரிது. கம்ப்யூட்டரில் கால் மணி நேர வேலை. ஆனா பெரும்பாலும் ஏதோ ஒன்று குறையும். கோடுகளை எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில், வழுக்கிக்கொண்டு வரும்படி வைத்துவிடுகிறார்கள். பாஸின் கோடுகள் அப்படி வராது. சில முந்தும், சில தயங்கும், நிற்கும்போது சட்டென்று நிற்கும். பெர்னார்ட் ஹெர்மன் கம்பி வாத்தியங்களை மட்டுமே வைத்து அமைத்த இசையோடு அவை மோதிக்கொண்டே இருக்கும். அடுத்தது எங்கிருந்து வரும் என்று கணிக்க முடியாததுதான் அங்கே பயம். வழுக்கினால் அது ஷாம்பு விளம்பரம்.

குளியலறைக் காட்சி யாருடையது?

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம்.

படத்தின் டைட்டிலில் பாஸுக்கு இரண்டு பொறுப்புகள் கொடுக்கப்பட்டிருக்கும். ஒன்று டைட்டில் வடிவமைப்பு. இன்னொன்று காட்சி ஆலோசகர். அந்த இரண்டாவது பட்டத்தின் அர்த்தம் என்ன என்பதுதான் பிரச்சினை.

கதாநாயகி என்று நினைத்துக்கொண்டிருந்த ஜேனட் லீ, படம் பாதியை எட்டும் முன்பே குளியலறையில் குத்திக் கொல்லப்படுகிறார். முக்கால் நிமிடக் கொலை. அதை எடுக்க 7 நாள் ஆனது. 70-க்கும் மேற்பட்ட கேமரா கோணங்கள். ரத்தத்துக்குப் பதில் சாக்லேட் சிரப். கத்தி உடலில் இறங்குவதைப் பார்த்ததாக ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள். உண்மையில் பார்த்தது கை, கத்தி, திரைச்சீலை, தண்ணீர், வாய், பாதம் என்று துண்டு துண்டான படங்களை. மீதியை அவரவர் மனமே வெட்டி ஒட்டிக்கொண்டது.

இந்தக் காட்சிக்கு ஷாட் ஷாட்டாக ஸ்டோரிபோர்டு வரைந்தவர் பாஸ். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, வரைந்த படங்களே இருக்கின்றன. படத்தில் வரும் பல கோணங்கள் அவற்றோடு நெருங்கிப் பொருந்துகின்றன. இவ்வளவு வேகமாகத் துண்டுகளை அடுக்கினால் ரசிகர்களுக்குப் புரியுமா என்ற தயக்கத்தைத் தீர்க்க, தானே ஒரு சோதனைப் படம் எடுத்து ஹிட்ச்காக்கிடம் காட்டியதாகவும் பாஸ் சொல்லியிருக்கிறார்.

அத்தோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அந்தக் காட்சியைப் படப்பிடிப்பில் இயக்கியதே தான்தான் என்று பின்னாளில் சொல்லத் தொடங்கினார். அங்கேதான் தீ பற்றியது. ஜேனட் லீ இதைத் திட்டவட்டமாக மறுத்தார். 7 நாளும் தண்ணீருக்கு அடியில் நின்றது அவர். ஒவ்வொரு ஷாட்டையும் இயக்கியது ஹிட்ச்காக்தான் என்பதே அவர் கடைசி வரை சொன்னது. உதவி இயக்குநர் ஹில்டன் கிரீனும் அதையே சொன்னார்.

ஹிட்ச்காக் தரப்பு? பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்சுவா த்ரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் பாஸின் பங்கை மிகவும் சுருக்கிவிட்டார். டைட்டிலைத் தவிர, துப்பறிவாளர் மாடிப்படி ஏறும் ஒரு காட்சியை மட்டும் வரைந்தார், அதையும் தான் பயன்படுத்தவில்லை என்ற அளவில்தான் அவர் பேச்சு இருந்தது. குளியலறை ஸ்டோரிபோர்டு பற்றி மூச்சே இல்லை. கையில் வரைபடங்கள் இருக்கும்போது இதை நியாயம் என்று சொல்ல முடியாது.

ஆனா அந்த மாடிப்படிக் கதை சுவாரசியமானது. அன்று ஹிட்ச்காக்குக்குக் காய்ச்சல். வர முடியவில்லை. பாஸ் வரைந்தபடியே எடுத்துவிடுங்கள் என்று குழுவிடம் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். கைப்பிடியில் நகரும் கை, ஒவ்வொரு படியாக ஏறும் கால், கம்பிகளுக்கு நடுவே தெரியும் பாதம். தனித்தனியாகப் பார்த்தால் பிரமாதம். சேர்த்துப் போட்டுப் பார்த்தபோதுதான் ஹிட்ச்காக்குக்குத் தவறு தெரிந்தது. கையும் காலும் இப்படி நெருக்கத்தில் வந்தால், ஏறிப்போகிறவரே கொலை செய்யப் போகிறவர் போல இருக்கிறார். இங்கே ஏறுபவர் ஒரு அப்பாவி, சாகப் போகிறவர். அதனால் எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு, ஒரே ஷாட்டில் அவர் சாதாரணமாகப் படியேறுவதாக மாற்றினார்.

இந்த இடத்தில் ஹிட்ச்காக் பக்கம்தான் நியாயம். துண்டு துண்டாக வெட்டுவது குளியலறையில் பலியாளின் பயமாகத் தெரிந்தது, படிக்கட்டில் கொலைகாரனின் பயங்கரமாகத் தெரிந்தது. வடிவம் ஒன்று, அர்த்தம் இரண்டு. எதை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பவர்தான் இயக்குநர்.

அப்போ தீர்ப்பு? வரைந்தது பாஸ், எடுத்தது ஹிட்ச்காக், வெட்டிச் சேர்த்தது எடிட்டர் ஜார்ஜ் டோமசினி. இசையே வேண்டாம் என்று இயக்குநர் சொன்ன பிறகும் எழுதிக் கொண்டுவந்து அவர் மனதை மாற்றியது ஹெர்மன். கிடைத்திருக்கும் சான்றுகளைப் பார்த்தால் பாஸ் இயக்கினார் என்பதை ஏற்க முடியாது. ஆனா அந்தக் காட்சியின் எலும்புக்கூடு அவர் மேசையில் பிறந்தது என்பதையும் மறைக்க முடியாது. 'சைக்கோ'வுக்குப் பிறகு ஹிட்ச்காக்கும் பாஸும் சேர்ந்து ஒரு படம்கூடச் செய்யவில்லை.

யோசித்துப் பாருங்க. மற்றவர்களின் பெயர்களைத் திரையில் அழகாக அடுக்குவதையே தொழிலாக வைத்திருந்த மனிதர். தன் பெயர் எங்கே வர வேண்டும் என்பதற்காகக் கடைசி வரை வாதாட வேண்டியிருந்தது.

கூடவே இருந்த எலைன்

பெயர் என்று வரும்போது இன்னொருவரையும் சொல்ல வேண்டும். எலைன் மகதூரா. 1950-களின் நடுவில் பாஸின் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தவர். 1960-ல் 'ஸ்பார்ட்டகஸ்' டைட்டிலில் அவருக்கு முக்கியப் பங்கு. 1961-ல் இருவருக்கும் திருமணம். அதன்பின் வந்த டைட்டில்கள், குறும்படங்கள் பலவும் இருவரின் கூட்டு உழைப்பு. ஆனா புத்தகங்களும் பத்திரிகைகளும் நெடுங்காலம் சால் பாஸ் என்று மட்டுமே எழுதின. ஹிட்ச்காக்கிடம் தனக்குக் கிடைக்கவில்லை என்று பாஸ் வருந்திய அங்கீகாரம், எலைனுக்கு அதைவிடத் தாமதமாகத்தான் வந்தது.

1960-களில் ஹாரர் பக்கம் அவர்கள் தொட்ட இரண்டு டைட்டில்களைத் தேடிப் பார்க்கலாம். 1965-ல் வந்த 'பன்னி லேக் ஈஸ் மிஸ்ஸிங்', காணாமல்போன சிறுமியின் கதை. திரை முழுக்கக் கறுப்புக் காகிதம். ஒரு கை வந்து அதைக் கிழிக்கிறது. கிழிந்த இடத்தில் பெயர்கள். மறுபடி கிழிக்கிறது. கடைசியில் கிழிபடும் துண்டின் வடிவம் ஒரு சின்னப் பெண் பொம்மை. அவ்வளவுதான். காகிதமும் கையும் தவிர எதுவும் இல்லை. குறும்படம் எடுக்க பட்ஜெட் இல்லை என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று 1966-ல் வந்த 'செகண்ட்ஸ்'. முகத்தை மாற்றிக்கொண்டு புது வாழ்க்கை தொடங்க நினைக்கும் ஒரு நடுத்தர வயது மனிதனின் கதை. பாஸ் ஒரு மனித முகத்தை வளையும் பளபளப்பான உலோகத் தகட்டில் பிரதிபலிக்க வைத்து எடுத்தார். கண் இழுபடும், வாய் பிளக்கும், காது உருகி வழியும். பின்னால் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் ஆர்கன் இசை. 'சைக்கோ' அளவுக்குப் புகழ் பெறவில்லை. ஆனா ராத்திரி தனியாகப் பார்க்க வேண்டிய டைட்டில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே சினிமாவுக்கு வெளியே பாஸின் ஸ்டூடியோ பெரிதாக வளர்ந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்தின் மணிச் சின்னம், பிறகு கோடு போட்ட உருண்டை, யுனைடெட் ஏர்லைன்ஸின் டூலிப் சின்னம் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1968-ல் வந்த 'வை மேன் கிரியேட்ஸ்' குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது.

எறும்புப் படமும் 'தி ஷைனிங்' போஸ்டரும்

பாஸ் முழுநீளப் படம் ஒன்றை மட்டுமே இயக்கினார். 1974-ல் வந்த 'ஃபேஸ் ஃபோர்'. பாலைவனத்தில் எறும்புகள் திடீரெனக் கூட்டாகச் சிந்திக்கத் தொடங்குகின்றன. ஆராய வந்த விஞ்ஞானிகளை அவை முற்றுகையிடுகின்றன. இதில் பூதாகார எறும்புகள் கிடையாது. நிஜ எறும்புகளைக் கென் மிடில்ஹாம் மிக நெருக்கத்தில் படம்பிடித்தார். இறந்த எறும்புகளை வரிசையாக அடுக்கி மற்றவை அஞ்சலி செலுத்துவது போன்ற காட்சியைப் பார்த்தால், எறும்பு மருந்து போடக் கை வராது.

படம் ஓடவில்லை. பாஸ் திட்டமிட்ட நீளமான முடிவுக் காட்சியை பாரமவுண்ட் ஸ்டூடியோ வெட்டிவிட்டது. போஸ்டர் கலைஞராக உலகப் புகழ் பெற்றவரின் ஒரே படத்துக்கு, ஸ்டூடியோ வேறு ஒருவரை வைத்து மலிவான பயமுறுத்தும் போஸ்டர் அடித்தது. அதன்பின் அவர் முழுநீளப் படம் எதையும் இயக்கவில்லை.

1980-ல் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' போஸ்டர் வேலை வந்தது. குப்ரிக் இங்கிலாந்தில், பாஸ் கலிஃபோர்னியாவில். ஓவியங்கள் போகும், திரும்பி வரும். ஓரங்களில் குப்ரிக்கின் கையெழுத்தில் குறைகள். ஒன்றில் ஹோட்டல் விசித்திரமாக இருக்கிறதாம். ஒன்றில் புதிர்ப்பாதைக்கு முக்கியத்துவம் அதிகமாம். இன்னொன்று அறிவியல் புனைகதை போல இருக்கிறதாம். ஏற்கெனவே 60 வயதை நெருங்கிய, உலகம் மெச்சிய கலைஞர் பாஸ். சலிக்காமல் திரும்பத் திரும்ப வரைந்தார். கடிதங்களில் தன் தலையை ஒரு மீன் உடலில் ஒட்டிய கார்ட்டூனும் போட்டிருப்பார். பாஸ் என்பது ஆங்கிலத்தில் ஒரு மீனின் பெயரும்கூட.

கடைசியில் தேர்வானது மஞ்சள் பின்னணி. பெரிய கறுப்பு எழுத்துகளுக்குள்ளே புள்ளி புள்ளியாக ஒரு முகம். மனிதனா, பொம்மையா, குழந்தையா, பேயா என்று சொல்ல முடியாது. படத்தில் அந்த முகம் எங்கேயும் வராது. ஹாரர் என்றால் கறுப்பும் சிவப்பும் என்ற பழக்கத்தை உடைத்த போஸ்டர் அது.

கடைசி டைட்டில்கள்

1970-களில் டைட்டில் வேலை பாஸுக்குக் கிட்டத்தட்ட நின்றுபோயிருந்தது. 1980-களின் பிற்பகுதியில் அவரைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இயக்குநர்களாகி, மீண்டும் அழைத்தது. முக்கியமானவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. 'குட்ஃபெல்லாஸ்' முதல் 'கசினோ' வரை அவருக்காக நான்கு டைட்டில்கள்.

அதில் 1991-ல் வந்த 'கேப் ஃபியர்' ஹாரர் ரசிகர்களுக்கானது. நீரின் மேற்பரப்பு மட்டும்தான். அலை நெளிகிறது. அதில் ஒரு பறவையின் நிழல், ஒரு கண், ஒரு மனித உருவம், எல்லாம் தெரிந்தும் தெரியாமலும். இசை ஹெர்மன் 1962-ல் இதே கதையின் பழைய படத்துக்கு எழுதியது. அதைப் புதுப்பித்துத் தந்தவர் எல்மர் பெர்ன்ஸ்டீன். 36 வருடத்துக்கு முன் அந்த வெள்ளைப் பட்டைகளுக்கு ஜாஸ் போட்டாரே, அவர்தான்.

1996 ஏப்ரல் 25-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் சால் பாஸ் காலமானார். வயது 75. அதற்குச் சில மாதங்கள் முன்புதான் கைல் கூப்பர் வடிவமைத்த 'செவன்' படத்தின் டைட்டில் வந்து, நடுங்கும் எழுத்துகளின் புதிய காலத்தைத் தொடங்கி வைத்திருந்தது.

1998-ல் கஸ் வான் சான்ட் 'சைக்கோ'வை வண்ணத்தில், ஏறக்குறைய ஷாட் ஷாட்டாக மறுபடி எடுத்தார். பாஸின் கோடுகளும் அப்படியே வந்தன, பச்சை நிறத்தில். 2013-ல் அவரது 93-வது பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் அவர் டைட்டில்களை வைத்தே ஒரு குட்டி அனிமேஷன் போட்டது.

அதற்கு முந்தைய ஆண்டு இன்னொன்று நடந்தது. ஸ்டூடியோ வெட்டிப்போட்ட 'ஃபேஸ் ஃபோர்' முடிவுக் காட்சி கண்டெடுக்கப்பட்டு, 2012-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் திரையிடப்பட்டது. எறும்புகள் மனிதர்களைத் தங்களில் ஒருவராக மாற்றுவதைச் சொல்லும் காட்சித் தொகுப்பு. வசனம் கிட்டத்தட்ட இல்லை. பாலைவனம், சூரியன், சுரங்கப் பாதைகள், வடிவங்களுக்குள் ஓடும் மனிதர்கள். 38 வருடம் பெட்டிக்குள் கிடந்த அந்தச் சில நிமிடங்களை லாஸ் ஏஞ்சல்ஸ் ரசிகர்கள் பெரிய திரையில் பார்த்தார்கள்.